கணக்கு நோட்டு நம்ம கையிலேயே இருக்கட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் நிர்வாகக் குழு சார்பில் ஆற்றிய உரை)



போன மாதம் குழுக் கூட்டங்களுக்குப் போனபோது, எல்லா ஊரிலும் எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஏஐ-ன்னு ஒண்ணு வந்திருக்காமே! அதுவே எழுதுதாம், அதுவே கணக்குப் போடுதாம். குழுவுல கடன் வாங்கிப் புள்ளையைப் படிக்க வச்சோமே, அது வேலை என்ன ஆகும்?"

ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்கன்னு சொல்லிட்டுப் போக எங்களுக்கு மனசு வரலை. அதனால் இன்றைக்கு மனம் விட்டுப் பேசுவோம்.

முதலில் அது என்னன்னு தெரிஞ்சுக்குவோம். மனுஷங்க எழுதி வைத்த கோடிக்கணக்கான எழுத்துகளையும் படங்களையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அடுத்து என்ன வரும் என்று கணிக்கப் பழக்குகிறார்கள். இதைத்தான் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அது சாதாரண ஜனங்க கைக்கும் வந்துவிட்டது. தமிழில் கேட்டாலும் பதில் சொல்லும், மனு எழுதித் தரும். ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லிவிடும்.

மெஷின் நமக்குப் புதுசு இல்லை. நெல் அறுக்கிற மெஷின் வந்தப்போ வரப்பில் நின்று பார்த்தவர்கள் நாம். பத்து இருபது பேர் நாள் முழுக்க அறுத்த ஏக்கரை அது ஒரு மணி நேரம் போல முடிச்சிட்டுப் போயிடுச்சு. ஆள் கிடைக்காமல் தவித்த விவசாயிக்கு அது உதவிதான். ஆனால் நமக்குக் கூலி நெல் போச்சு. அறுப்புக்குப் போனவங்களைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.

அப்போது வயல் வேலைக்கு வந்தது, இப்போது மேசை வேலைக்கு வருகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதன்படி இதனால் அதிகம் பாதிக்கப்படக் கூடியது அலுவலக எழுத்து வேலை. அந்த வேலையில் பெண்கள் அதிகம் இருப்பதால் நமக்குத்தான் அடி கூடுதல். பெரும்பாலான வேலைகள் முழுசாப் போகாது, வேலை செய்யும் விதம்தான் மாறும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? இதற்கு முன்னால் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வரும்போது ஊழியர் சங்கங்கள் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி 1983-இல் ஒப்பந்தம் போட்டன. அமெரிக்காவில் சினிமா, டிவிக்குக் கதை எழுதுபவர்கள் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதில் இந்த ஏஐ விஷயமும் ஒன்று. எழுத்தாளர்களை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். மெஷினே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களைக் கேட்காமல் கொண்டு வராதீங்க என்றார்கள். ஒருத்தரா நின்று கேட்டிருந்தால் நடந்திருக்குமா?

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். செல்போனில் கணக்கை ஏற்றினால் அதுவே கூட்டி எழுதிவிடும், அதனால் கணக்கு எழுதும் பெண்களுக்கான ஊக்கத்தொகையை நிறுத்தலாம் என்று நம் செயற்குழுவிலேயே ஒரு யோசனை வந்தது. மிச்சமாகுமேன்னு எங்களில் சிலரும் தலையாட்டினோம். அப்புறம்தான் யோசித்தோம். ஒரு உறுப்பினர் இரண்டு மாதம் தவணை கட்டவில்லை என்றால் மெஷின் 'பாக்கி' என்று காட்டும். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அறுவடை முடிந்ததும் கட்டிவிடுவாள் என்பது கணக்கு எழுதும் பொண்ணுக்குத்தான் தெரியும். ஒரு பூஜ்யம் கூடிப்போனாலும் கணக்குத் தெரிந்தவள்தானே கண்டுபிடிப்பாள்? அறுப்பு மெஷின் வந்தப்போ நமக்கு நடந்ததையே நம் பெண்களுக்கு நாமே செய்யலாமா?

அதனால் மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

1. கணக்கு எழுதும் யாரையும் இதைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. செல்போனில் கணக்கு ஏற்றவும் சரிபார்க்கவும் அவர்களுக்கே முதலில் பயிற்சி தர வேண்டும்.

2. செல்போனில் ஏற்றினாலும் நோட்டிலும் எழுத வேண்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும்.

3. கம்ப்யூட்டர் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தால், போன வருஷம் அங்கே படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று விசாரித்த பிறகே கொடுக்க வேண்டும்.

இவற்றை அந்தந்தக் குழுவில் பேசுங்கள். மாற்றம் இருந்தால் தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாதீங்க, உங்கள் கருத்தும் வரணும்.

நாளைக்கு என்ன மெஷின் வரும்னு நமக்குத் தெரியாது. எது வந்தாலும் வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.