அடிக்கோட்டைப் பாருங்கள்



பரிசளிப்பு நாளில் என் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு கணிதச் சோதனைப் புள்ளிகளைப் பட்டை வரைபடமாக வரைந்து வகுப்பில் ஒட்டினேன். தாளில் இடம் போதாமல் அடிக்கோட்டை 60-இல் தொடங்கினேன். புள்ளிக்கு ஒரு கட்டம். 80 வாங்கிய மாணவிக்கு 20 கட்டம். 64 வாங்கிய பையனுக்கு 4 கட்டம்தான்.

மரம் வெட்டிவிட்டு நேரே வந்த அவன் அப்பா அதைப் பார்த்தார். "என்னா சார், அந்தப் புள்ளையில அஞ்சுல ஒரு பங்குதானா எம்மவன்?" என்று பையனின் காதைத் திருகினார். உண்மையில் 64 என்பது 80-இல் ஐந்தில் நான்கு பங்கு! மறுநாளே 0-இல் தொடங்கி வரைந்து, அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மகன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2020 மே மாதம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வெளியான கொரோனா வரைபடத்தில் தேதிகள் முன்பின்னாக இருந்தன. நோய் நாளுக்கு நாள் குறைவது போலத் தோன்றியது. மக்கள் சுட்டிக்காட்டிய பிறகே மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள்.

ஆகவே, பட்டை வரைபடத்தைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். அடிக்கோடு 0-இல் தொடங்குகிறதா? தேதிகள் வரிசையாக உள்ளனவா? எண்கள் எழுதியிருக்கின்றனவா?

மாணவச் செல்வங்களே, வரைந்தவர் உங்கள் வாத்தியாரே ஆனாலும் பயப்படாமல் கேளுங்கள்.