படத்தில் நிற்கும் பெண்கள்

1950ஆம் ஆண்டுகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் வாழ்ந்த பாட்டியின் ஸ்டூடியோ படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பட்டுப்புடவை, பூச்சரம், மடியில் குழந்தை. அம்மியில் அரைத்த கையையும், பழைய தேக்கா சந்தையில் பேரம் பேசிய சாமர்த்தியத்தையும் அந்தப் படம் காட்டாது.

1943இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையின் படங்களைப் பாருங்கள். துப்பாக்கி ஏந்தி நிற்கும் அந்த வரிசையில் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவிய பெண்களும் உண்டு. கேப்டன் லட்சுமியை அறிவோம். மற்றவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் அந்நியர் படமாகிவிடும். ஆகவே, சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள்.