ஆள் இருந்தார், விட்டுவிட்டோம்
(நியூ ஜெர்சி எடிசனில் தமிழ் வாக்காளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் சொன்னார்: "2013 ஆளுநர் தேர்தலில் கிறிஸ் கிறிஸ்டி இந்த மாநிலத்தையே அள்ளிக்கொண்டு போனார், எதிரில் ஆளே இல்லை." அள்ளியது உண்மை. குடியரசுக் கட்சிக்காரரான அவருக்கு 60 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் பார்பரா புவோனோவுக்கு 38. மொத்தமுள்ள 21 கவுண்டிகளில் 19 அவர் பக்கம். ஆனால் எதிரில் ஆளே இல்லை என்கிறாரே, அதை நான் ஒப்ப மாட்டேன். ஆள் இருந்தார். பக்கத்து மெட்டச்சன்காரர். இந்த எடிசனும் சேர்ந்த தொகுதியின் அன்றைய மாநில செனட்டர். நம் வீட்டு வாசலில் இருந்த வேட்பாளர் அவர்!

கிறிஸ்டியின் உழைப்பை நான் மறைக்கவில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது நாமெல்லாம் இங்கேதான் இருந்தோம். கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. கார் நம்பர் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பெட்ரோல் போட்டார்கள். கையில் கேனோடு விடியற்காலையில் வரிசையில் நின்றோம். அந்த நாட்களில், ஆளுநராக இருந்த அவர் ஊர் ஊராக ஓடினார். மக்கள் நன்றியோடு நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

ஆனால் நன்றி மட்டும் 22 சதவீத வித்தியாசத்தைத் தராது. மீதியைத் தந்தவர்கள் யார்? எதிர்க்கட்சியின் பெருந்தலைகள்! எஸ்ஸெக்ஸ் கவுண்டியின் நிர்வாகி ஜோ டிவின்சென்சோ, ஜனநாயகக் கட்சிக்காரர், ஆதரித்தது கிறிஸ்டியை. யூனியன் சிட்டி மேயர் பிரையன் ஸ்டாக், அவரும் ஜனநாயகக் கட்சிக்காரர், அவரும் கிறிஸ்டியை. சொந்தக் கட்சிப் பெண் ஒருவர் களத்தில் நிற்க, அவர் காலையே வாரினார்கள். அப்புறம் "வேட்பாளர் பலவீனம்" என்று ஊரெல்லாம் பேசினார்கள்.

இதைக் கேளுங்கள். கிறிஸ்டி தோற்ற கவுண்டிகள் இரண்டே இரண்டு: எஸ்ஸெக்ஸ், ஹட்சன். யூனியன் சிட்டி எங்கே இருக்கிறது? ஹட்சனில்! தலைவர்கள் ஓடிப்போன இடத்தில் ஜனங்கள் நின்றார்கள். நம் மிடில்செக்ஸ்? புவோனோவின் சொந்தக் கவுண்டி அவரைக் கைவிட்டது. அதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அதே நாள், அதே ஓட்டுச்சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 7.25 டாலரிலிருந்து 8.25 ஆக்கலாமா? கூலி உயர்வு மசோதாவை அந்த ஆண்டு ஜனவரியில் தன் அதிகாரத்தால் தடுத்தவர் இதே கிறிஸ்டி. மக்கள் என்ன செய்தார்கள்? சுமார் 60 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். சட்டமன்றத்தின் இரு அவைகளையும் ஜனநாயகக் கட்சியிடமே விட்டுவைத்தார்கள். ஆக, அவருடைய கொள்கைக்கு விழுந்த ஓட்டா இது? இல்லவே இல்லை. அவர் தடுத்த கூலியைக் கேட்டவர்களிடமே அவர் ஜெயித்தார் என்றால், எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றும் நடந்தது. நம் மாநிலத்தின் அமெரிக்க செனட்டர் லாட்டன்பர்க் அந்த ஆண்டு ஜூனில் இறந்தார். அவர் இடத்துக்கான தேர்தலை நவம்பர் 5-ஆம் தேதித் தேர்தலோடு சேர்த்தே வைத்திருக்கலாம். அக்டோபர் 16, புதன்கிழமை, தனியாக வைத்தார் ஆளுநர். அந்த இடத்துக்கு நின்ற ஜனநாயகக் கட்சியின் கோரி புக்கருக்கு ஓட்டுப் போட வரும் கூட்டம் தன் தேர்தல் நாளில் வரக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மூன்று வார இடைவெளிக்கு, கோடிக்கணக்கான டாலர் நம் வரிப்பணம்!

நவம்பரில், பதிவு செய்தவர்களில் பத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். சாயங்காலம் நான் போன பள்ளிக்கூட ஜிம்மில் தேர்தல் பணியாளரான பாட்டி ஒருவர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்து, எழுந்து நின்று பெயர்ப்பட்டியலைத் திறந்தார். எங்கள் தெருவுக்கான பக்கத்தில் எத்தனை தமிழ்ப் பெயர்கள்! ஒன்றிரண்டில்தான் கையெழுத்து. இந்தியாவில் ஆளுநரை டெல்லி நியமிக்கும், நமக்குப் பேச்சில்லை. இங்கே அவரை நாமே தேர்ந்தெடுக்கலாம். அந்த உரிமை கையில் இருந்தும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

பெரிய வெற்றி வேண்டும், எதிர்க்கட்சி மேயர்களும் கூட வேண்டும் என்ற கிறிஸ்டி தரப்பின் வெறி எங்கே கொண்டுபோய் விட்டது? ஃபோர்ட் லீ மேயர் ஆதரவு தரவில்லை. 2013 செப்டம்பர் 9, பள்ளி திறந்த நாள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு அந்த ஊர் வழியாகப் போகும் மூன்று பாதைகளில் இரண்டைக் கிறிஸ்டியின் ஆட்கள் அடைத்தார்கள். நான்கு நாள். பள்ளி பஸ்ஸில் குழந்தைகள் மாட்டிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. தனக்குத் தெரியாது என்றார் கிறிஸ்டி; அவர்மீது வழக்கும் நடத்தப்படவில்லை. இதற்காக அவருடைய அலுவலகத்து ஆளுக்கு விதித்த தண்டனையை 2020-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் நடந்தது அதிகார துஷ்பிரயோகம் என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

பியூனோவோ புவோனோவோ, அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட நம்மில் பலர் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்து நிற்பவரின் பெயரையாவது இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். வாசல் பக்கத்து மேசையில் வாக்காளர் பதிவுப் படிவம் இருக்கிறது. தேர்தலுக்கு 21 நாள் முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும். பேனா என்னிடம் இருக்கிறது. நான் அங்கேதான் நிற்கப் போகிறேன், வாருங்கள்.