இரும்புக்குத் துணையாகும் செம்பு

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நம் இல்லங்களில் பெண்ணொருத்திக்குக் குருதிச்சோகை என்று தெரிந்தவுடன் இரண்டு நிகழ்கின்றன. அக்கம்பக்கத்தார், "ஈரல் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்கின்றனர். வீட்டாரோ, மருத்துவரைக் காணாமலே கடையில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்கின்றனர். முன்னது நம் அறத்துக்கு ஒவ்வாது. பின்னது சிலருக்குப் பயன் தருவதில்லை. ஏன் பயன் தருவதில்லை என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். நான் மருத்துவம் கற்றவனல்லேன்; தமிழ் பயிற்றியவன். கற்றறிந்தோர் எழுதியவற்றைப் படித்துணர்ந்த அளவில் கூறுகிறேன்.

1928ஆம் ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் உண்மையைக் கண்டனர். பால் மட்டுமே ஊட்டப்பட்ட எலிகளுக்குச் சோகை வந்தது. தூய இரும்புச் சத்தை மட்டும் சேர்த்தபோது அது தீரவில்லை. அதனுடன் ஈரலை எரித்த சாம்பலின் சாரத்தைச் சேர்த்தபோது தீர்ந்தது. மக்காச்சோளச் சாம்பலின் சாரமும் அவ்வாறே பயன் தந்தது. அச்சாம்பல்களில் இருந்த மருந்து செம்பு என்பது பின்னர்ப் புலனாயிற்று. சிற்றுயிர்களை வருத்திப் பெற்ற அறிவு இது. அம்முறையை நாம் போற்றுவதற்கில்லை. எனினும், ஈரல் செய்த வேலையைத் தானியமும் செய்தது என்னும் செய்தி நமக்குரியது.

செம்பு அங்கே என்ன செய்கிறது? உடலில் இரும்பு இரு நிலைகளில் உலவுகிறது. ஒன்று ஃபெரஸ், மற்றொன்று ஃபெரிக். தாவர உணவிலுள்ள இரும்பு சிறுகுடலின் முற்பகுதியில் ஃபெரஸ் நிலையில் குடல் உயிரணுவுக்குள் நுழைகிறது. மறுபுறம் குருதிக்குள் செல்ல ஒரு வாயில் உண்டு. ஃபெரோபோர்ட்டின் என்பது அதன் பெயர். அவ்வாயிலிலும் இரும்பு ஃபெரஸ் நிலையிலேயே வெளியேறும். ஆனால், குருதியில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் ஃபெரிக் நிலையிலுள்ள இரும்பையே ஏற்கும். வாயிலைக் கடந்த இரும்பை ஏற்றவாறு மாற்றித் தருவது ஹெபஸ்டின் என்னும் நொதி. அந்நொதி செம்பின்றி இயங்காது. கிரேக்கரின் கொல்லர் தெய்வமாகிய ஹெபஸ்டஸின் பெயரை அதற்கு இட்டிருக்கின்றனர். பெயரிட்டவர்க்கு இலக்கியச் சுவை இருந்திருக்கிறது!

குடலிலிருந்து நாள்தோறும் உடல் ஏற்பது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் இரும்பே. அதனினும் பெரும்பணி வேறிடத்தில் நடைபெறுகிறது. செங்குருதியணுக்களின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். முதிர்ந்து அழியும் அணுக்களிலிருந்து மண்ணீரலும் கல்லீரலும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பை மீட்டெடுத்துத் திருப்பித் தருகின்றன. அங்கே ஃபெரஸை ஃபெரிக்காக மாற்றும் நொதி செருலோபிளாஸ்மின். 1948இல் சுவீடன் நாட்டு அறிஞர்களாகிய ஹோல்ம்பெர்க், லாரல் ஆகியோர் இதனைப் பிரித்தெடுத்து விளக்கினர். ஆறு செம்பணுக்களைத் தாங்கிய இப்புரதம் வானநீல நிறத்தது. பெயரின் முற்பகுதி இலத்தீன் மொழியில் அந்நிறத்தையே குறிக்கும். செம்மை நிறத்தால் பெயர்பெற்ற செம்பு, குருதிக்குள் நீலமாய் நின்று தொழில்புரிகிறது. இந்நொதி பிறவியிலேயே அமையாத அரிய நோயும் உண்டு. அந்நோயாளர்க்குக் கல்லீரலிலும் மூளையிலும் இரும்பு தேங்கிக் கிடக்கும். குருதியிலோ சோகை காணும். இருப்பும் பற்றாக்குறையும் ஒருங்கே!

இதைக் கேட்டு, நம் வீட்டுச் சோகையெல்லாம் செம்புக் குறைவால் வந்தது என்று கொள்ள வேண்டா. நம் நாட்டில் பெரும்பாலும் இரும்புக் குறைவே காரணம். ஊன் தவிர்ப்போர்க்கு வைட்டமின் பி12 குறைவும் சேரக்கூடும். செம்புக் குறைவு அரிது. ஆனால் அதற்கு வழிகோலும் செயலொன்றைப் பலர் அறியாமலே செய்கின்றனர். கொரோனாக் காலத்தில் வழக்கமான துத்தநாக மாத்திரையைச் சிலர் இன்னும் விடவில்லை. மிகுதியான துத்தநாகம் நெடுநாள் உட்புகின், குடல் உயிரணுக்களில் ஒரு புரதம் பெருகிச் செம்பைப் பற்றிக்கொள்ளும். அவ்வணுக்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு வெளியேறும். இதனால் சோகையுடன் வெள்ளணுக் குறைவும், கால் மரத்து நடை தடுமாறுதலும் தோன்றக்கூடும். இரும்பு மாத்திரையை முறையாக உண்டும் தேறாதவர், தாம் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டிக் குருதியில் செம்பையும் அளந்து பார்க்கலாமா என்று கேட்டல் நன்று.

உணவைப் பொறுத்தவரை நமக்குக் குறையில்லை. கிழங்கை விலக்கினாலும் கொண்டைக்கடலை, உளுந்து, கம்பு, எள், முந்திரி ஆகியவை செம்பு, இரும்பு இரண்டையும் தருகின்றன. எலுமிச்சையோ நெல்லிக்கனியோ உடன் சேர்ந்தால் இரும்பு எளிதில் உட்செல்லும். பொழுது சாயுமுன் உண்ணும் நம் வழக்கில் மாலைத் தேநீரும் உணவும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. தேநீர் இரும்பைத் தடுப்பது. ஒரு மணி நேரமாவது முன்னதாகப் பருகுக.

செம்புக் குடத்தில் காய்ச்சி ஆறிய நீரை வைப்பது பற்றிப் பலர் வினவுகின்றனர். வெறும் நீருக்குத் தடையில்லை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் செம்பு என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. புளி, மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை மட்டும் வெள்ளீயம் பூசாத செம்புக் கலத்தில் ஊற்ற வேண்டா. புளிப்பு செம்பைக் கரைத்துவிடும். பச்சிளங்குழந்தைகளின் கல்லீரலைச் சிதைத்த ஒரு நோய்க்கு, பூச்சில்லாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சிய பால் காரணமாகலாம் என்று 1980களில் புனேயில் ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதியுள்ளனர். பேரக்குழந்தைக்குப் பால் காய்ச்ச எவர்சில்வர் பாத்திரமே போதும்.