சுருதியும் மின்சாரமும்



சப்பிரகமுவ மாகாணத்தின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களை அண்டிய பாடசாலைகளிலே சங்கீதம் பயிலும் பிள்ளைகளிற் பலருக்குத் தம்புரா எட்டாத பொருள். பெங்களூரைச் சேர்ந்த ராஜ்நாராயண் 1979ஆம் ஆண்டில் இலத்திரனியல் தம்புராவை உருவாக்கினார். அதனினும் எளிய சுருதிப்பெட்டியை இன்று உயர்தர வகுப்பு மாணவரே தம் கையால் ஆக்கிவிடுகின்றனர். மகிழத்தக்க முயற்சி அது.

ஆயின், பகலில் இனிது ஒலித்த பெட்டி மாலைப் பயிற்சியில் உறுமுகின்றது, சுருதியும் நிலைதளர்கின்றது. அதனைப் பற்றிப் பாடும் பிள்ளையும் உடன் தடுமாறுகின்றாள். கேட்போர் அவள் குரலிலே குறை காண்கின்றனர். குற்றமோ, பெரும்பாலும், பெட்டிக்கு ஊட்டப்படும் மின்சாரத்தில் இருக்கின்றது. அதனைக் கண்டறியும் வழி யாது? யான் கலைப் பட்டதாரி. ஆயினும் இதற்கு வேண்டுவது ஒழுங்கான விசாரணையேயன்றிப் பெரும் பட்டமன்று.

முதற்கண், சுவர்மின்சாரத்தை நீக்கி, 12 வோல்ற்று மோட்டார் வண்டி மின்கலத்தை, இடையே ஓர் உருகி வைத்து, பெட்டியுடன் இணைத்துப் பாருங்கள். உறுமல் நின்றுவிடின், பெட்டியின் இசைப்பகுதி குற்றமற்றது. மின்வழங்கியையே ஆராய வேண்டும்.

அடுத்து, செவியைத் துணைகொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வினாடிக்கு 50 முறை அலைவது. நான்கு இருவாயிகள் அதனைச் சீராக்கும்போது எழும் உறுமல் வினாடிக்கு 100 அதிர்வுடையது. ஐந்து கட்டைச் சட்சத்திற்கு ஒரு ஸ்தாயி கீழே, ஆனால் சற்றுக் கூடிய ஒலி அது. ஆகவே பாடுவோர் செவியை எளிதில் மயக்கிவிடும். இவ்வொலி கேட்பின், கொள்ளளவி முதுமையடைந்திருக்கலாம். அல்லது வரும் மின்னழுத்தம் போதாமலிருக்கலாம். அதனினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்த 50 அதிர்வு கேட்பின், இருவாயி ஒன்று பழுதுற்றிருக்கலாம். அல்லது புவித்தொடுப்புக் கம்பியில் குறை இருக்கலாம். கொள்ளளவியின் தலை உப்பியோ கசிந்தோ இருப்பின், ஐயமின்றி மாற்றுக.

இனி மாலைநேரத்துப் புதிருக்கு வருவோம். மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் கம்பி இழுத்த லயன்களில், விளக்கேற்றும் வேளையில் அழுத்தம் வீழ்வதுண்டு. 12 வோல்ற்றுத் தரும் நிலைமாற்றி, 230 வோல்ற்று வருங்கால், சீராக்கியபின் ஏறத்தாழ பதினைந்தரை வோல்ற்றை அளிக்கும். வருவது 190 ஆகக் குறைந்தால் அதுவும் பன்னிரண்டரையளவாகக் குறையும். அழுத்தத்தை நிலைநிறுத்தும் 7812 என்னும் மூன்றுகால் உறுப்போ, 12 வோல்ற்றைத் தருவதற்கு உள்ளே 14 வோல்ற்றுக்கு மேல் வேண்டும் இயல்பினது. ஆகவே மாலையில் அது தன் கடமையைக் கைவிடுகின்றது. பகலில் அளந்து, "யாவும் சரி" என்போர் ஏமாறுவது இதனாலேயே. பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, குற்றம் தோன்றும் அதே வேளையில், பல்மானியால் அவ்வுறுப்பின் இருபுறமும் அளத்தல் வேண்டும்.

பரிகாரம் எளிது. 15 வோல்ற்று நிலைமாற்றியும், 35 வோல்ற்றுத் தாங்கும் கொள்ளளவியும், வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடும் பொருத்தலாம். பெட்டி 9 வோல்ற்றில் இயங்குமாயின், 7812க்குப் பதில் 7809 வைத்தலே போதும்.

ஈற்றில் ஓர் எச்சரிக்கை. மலிவு கருதி, நிலைமாற்றியின்றிச் சுவர்மின்சாரத்தையே நேரே இறக்கும் சுற்றைப் பிள்ளைகள் ஒருபோதும் செய்யலாகாது. அப்பெட்டியைத் தொடும் கை உயிருக்கே ஆபத்தைத் தேடுவதாகும். 230 வோல்ற்றுப் பகுதியைத் தேர்ந்த மின்வினைஞரே அமைத்து மூடித்தர வேண்டும். மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இரத்தினபுரி, கேகாலை மலைகளில் மாலை இடிமழை மிகுதி. வானம் கறுக்கும் முன்பே இணைப்பைக் கழற்றிவிடுக; இடி முழங்கத் தொடங்கியபின் அதனைத் தொட வேண்டாம்.

சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம். ஆசிரியப் பெருமக்களே, அடுத்த தமிழ்மொழித் தினப் போட்டிக்கு முன், ஒரு மாலைப்பொழுதில் உங்கள் பெட்டியை அளந்து பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பாட்டு வராது என்று தீர்ப்புரைப்பதற்கு முன்பும் அவ்வாறே செய்யுங்கள்.