கோல் முனையும் பசையும்

பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரின் கோல் நுனியில், சட்டைப் பொத்தானளவே உள்ள தோல் வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். பந்தைத் தொடுவது அதுவே. அது சிறிது நகர்ந்தாலும் குறி தவறும். ஆட்டத்தின் நடுவே கழன்று விழுந்தால் வெற்றியும் கைநழுவும். அதனை ஒட்ட ஏற்ற பசை எது?

தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம் பழமையானது. உலர்ந்தால் உறுதியாகப் பிடிக்கும். ஈரம் பட்டால் இளகிவிடும். ரப்பர்ப் பசை வளைந்து கொடுக்கும். ஆனால் அடிமேல் அடி விழ, வில்லை பக்கவாட்டில் மெல்ல நகர இடந்தரும். இரு கூறுகளைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசை வலியதாயினும் இறுகப் பொறுமை வேண்டும்.

சயனோஅக்ரிலேட் 1942-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கண்ணுக்குப் புலப்பட்டு, 1958-இல் விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பரப்பிலும் உள்ள நுண்ணிய ஈரமே அதனை நொடிகளில் இறுகச் செய்கிறது. இதில் நீர்போன்ற வகையைத் தோல் உறிஞ்சிக் கெட்டிப்படும். இணைப்பிலோ பசை குன்றிவிடும். ஆகவே, கூழ்போன்ற வகையையே நான் தேர்வேன்.

எனினும், பசை பாதி வேலையே செய்யும். பழைய பசையைச் சுரண்டி, கோலின் பூணையும் வில்லையின் அடியையும் சமமாகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். மெல்லிய பூச்சே போதும்; தடித்த பூச்சு சரிவர இறுகாது. நேராக வைத்து அசையாமல் அழுத்துங்கள்.

மாணவ நண்பர்களே, புத்தக அட்டையாயினும் மேசைக் காலாயினும் விதி இதுவே: பசையைத் தேடுமுன் பரப்பைச் சீர்செய்க.