சாலை சொல்லும் பாடம்: ஆனர்ஸ் மாணவர்களும் அவர்களுக்குரிய வாய்ப்புகளும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். அரிசி, மிளகாய், பாத்திரம், பூ, துணி என நகரத்துக்கு வேண்டிய யாவும் அங்கே கிடைக்கும். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர்கள் அங்கே கடை நடத்தி வருகின்றனர். திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கடைத்தெருவை அமைத்தார். ஆயினும் சாலை என்னும் பெயர் கடைத்தெருவைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அருகிலுள்ள வலியசாலைப் பகுதியையே பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடமாக ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அக்காலத்தில் சாலை என்பது உண்டியும் உறையுளும் அளித்து மாணவரைக் கற்பித்த நிறுவனம்.

இன்று பல்கலைக்கழகங்களில் ஆனர்ஸ் என்னும் சிறப்புநிலைப் பட்டம் மீண்டும் பேசப்படுகிறது. அதில் சேரும் மாணவருக்கு என்னென்ன வாய்ப்புகள் காத்திருக்கின்றன, அவற்றை அவர் எட்டுவதற்கு எவை தடையாக நிற்கின்றன என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அதற்குப் பழைய சாலையின் வரலாறு நல்ல தொடக்கமாக அமைகிறது.

கல்வியும் சோறும்

இராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் அவன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்த செய்தி தொடர்ந்து வருகிறது. கலம் என்பது கப்பலையா, மாணவர் உண்ணும் கலத்தையா குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சாலை எவ்வாறு நடந்தது என்பதை அதனை மாதிரியாகக் கொண்டு அமைந்த மற்றொரு நிறுவனத்தின் செப்பேடு விளக்குகிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகே உள்ள பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூரின் முறைமையைப் பின்பற்றி 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவினான். சட்டர் என்பார் மாணவர். இலக்கணத் தேர்ச்சியும் மூன்று அரசுகளின் நடைமுறைகளைப் பற்றிய அறிவும் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டன. அவர்களுடைய உணவுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. ஒழுங்கு தவறியவர்களுக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது.

சோழநாட்டு எண்ணாயிரத்திலும் இதே நிலையைக் காணலாம். முதலாம் இராஜேந்திரன் காலத்தில் அங்கே 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்தனர். இளநிலை மாணவர் 270 பேருக்கு நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல் வழங்கப்பட்டது. மேல்நிலை மாணவர் 70 பேர் ஆளுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி பெற்றனர். கல்வி உயர உயர மாணவனுடைய படியும் உயர்ந்தது என்பது இங்கே கருதத்தக்கது. மேற்படிப்புக்கு அறிவு மட்டும் போதாது, பொருளீட்டும் கவலையற்ற காலமும் வேண்டும் என்பதை அக்காலத்தார் உணர்ந்து கணக்கிட்டிருக்கின்றனர்.

குறுகிய வாசல்

இந்த ஏற்பாட்டில் பெருங்குறை ஒன்றும் இருந்தது. பார்த்திவசேகரபுரத்தின் 95 இடங்களும் வேதப் பிரிவுகளின் அடிப்படையில் பங்கிடப்பட்டவை. மற்றவர்க்கு அங்கே இடமில்லை. இவ்வாறு அடைபட்ட கல்வி வாசல் பல நூற்றாண்டுகள் அடைபட்டே கிடந்தது.

திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி அந்த வாசலைத் தட்டியவர்களில் முதன்மையானவர். தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக வயல் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்ய வைத்தவர் அவர். 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்து அவரைச் சந்தித்தார். தாம் கண்மூடுவதற்குள் தம் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றதைக் காண வேண்டும் என்பதே அப்போது அய்யன்காளி தெரிவித்த விருப்பம். அதே 1937ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1957இல் அது கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அய்யன்காளி 1941இல் மறைந்தார்.

ஆகவே, சிறப்புநிலைக் கல்வியை அளப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. மாணவன் தடையின்றிப் படிக்க வழி செய்யப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்பது மற்றொன்று. பழைய சாலை முதல் அளவுகோலில் தேறியது, இரண்டாவதில் தவறியது. இன்றைய பல்கலைக்கழகம் இரண்டிலும் தேற வேண்டும்.

நான்காம் ஆண்டு

கேரளத்தில் 2024 ஜூலை முதல் தேதி நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 133 கிரெடிட் முடிப்பவர் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டும் தொடர்ந்து 177 கிரெடிட் முடிப்பவர் ஆனர்ஸ் பட்டம் பெறுவார். ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் என்பது மூன்றாவது வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைப்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் அதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதன் பயன் சிறிதன்று. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் முதுநிலைப் படிப்பை ஓராண்டில் முடிக்க வழி உண்டு. 75 விழுக்காடு பெற்றவர் முதுநிலைப் பட்டம் இல்லாமலேயே தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஆய்வுப் பட்டத்துக்குச் செல்லலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலிய பிரிவினருக்கு இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

2024இல் சேர்ந்த முதல் அணி 2027இல் நான்காம் ஆண்டின் வாசலில் நிற்கும். தொடர்வதா, வெளியேறுவதா என்னும் முடிவை அப்போது ஒவ்வொரு வீடும் எடுக்க வேண்டியிருக்கும். வசதியுள்ள வீட்டில் அது விருப்பத்தைப் பொறுத்த முடிவு. சுமை தூக்கியும் கடைச்சிப்பந்தியாக நின்றும் பிழைக்கும் வீட்டில் அது ஓராண்டு வருமானத்தைப் பொறுத்த முடிவு. கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் மதிப்பெண்ணில் தேறியும் வீட்டு நிலையால் மூன்றாம் ஆண்டிலேயே இறங்கிவிட்டால், பெயரளவில் திறந்த கதவு நடைமுறையில் மூடிய கதவே.

அருகில் இருக்கும் வாய்ப்புகள்

வாய்ப்புகள் தொலைவில் இல்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து நடந்தே கோட்டைக்குள் இருக்கும் மத்திய ஆவணக் காப்பகத்தை அடையலாம். திருவிதாங்கூர் அரசின் பழைய ஓலைச் சுருணைகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் வட்டெழுத்திலும் தமிழிலும் எழுதப்பட்டவை உண்டு. காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகமும் பெரும் கருவூலம். சுவடி தேடும் பணியில் ஈடுபட்டிருந்த கணபதி சாஸ்திரிகள் பாசனின் நாடகங்களைக் கண்டெடுத்து 1912 முதல் பதிப்பித்தது திருவனந்தபுரத்திலிருந்துதான். தமிழும் மலையாளமும் அறிந்து வட்டெழுத்தும் பயின்ற மாணவர்க்கு இங்கே வாழ்நாள் முழுவதற்கும் போதுமான ஆய்வுப் பொருள் கிடக்கிறது. இந்நகரக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, ஓய்வு நேரத்தில் கல்வெட்டுகளைத் தேடிப் படித்தே திருவிதாங்கூரின் பழைய மன்னர் வரிசையைத் துலக்கினார். வரலாறு அவருடைய பாடத்துறை அன்று.

அறிவியல் மாணவர்க்கும் குறைவில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உலகறிந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை வரும் உலக விண்வெளி வாரம் மாணவர் கருத்தில் கொள்ள வேண்டிய காலம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ஆக்குளத்தில் புவி அறிவியல் மையமும், பாப்பனங்கோட்டில் தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும், மருத்துவ ஆய்வுக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் உள்ளன. பொருளியல் மாணவர்க்கு உள்ளூரில் கே. என். ராஜ் தோற்றுவித்த வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. லாரி பேக்கர் கட்டிய அதன் வளாகமும் நூலகமும் காண வேண்டியவை.

மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம் தனியே குறிப்பிடத்தக்கது. தேர்ந்தெடுக்கப்படும் மாணவர் இரண்டு மாதம் ஓர் ஆய்வறிஞரிடம் இருந்து பணி பழகலாம். உதவித்தொகையும் பயணச் செலவும் கிடைக்கும். கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே போய்ச் சேர வேண்டும். ஏப்ரலில் விசாரிக்கும் மாணவனுக்கு அவ்வாண்டு வாய்ப்பு முடிந்து போயிருக்கும்.

செய்ய வேண்டியவை

இங்கேதான் தகவல் என்பதும் ஒரு செல்வம் என்பது புலனாகிறது. படித்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தேதிகளைத் தந்தையோ தமக்கையோ சொல்லிவிடுவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குச் சொல்ல எவரும் இல்லை. ஆதலால் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டின் தொடக்கத்திலேயே வரவிருக்கும் சொற்பொழிவுகள், போட்டிகள், பயிற்சி முகாம்கள், விண்ணப்ப நாள்கள் ஆகியவற்றை ஒரே பட்டியலாக்கி வகுப்பறையில் படித்துக் காட்ட வேண்டும். தமிழ் மாணவர் மிகுந்த கல்லூரிகளில் அப்பட்டியல் தமிழிலும் இருப்பது நலம்.

அடுத்தது பொருளுதவி. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைத் திட்டம் இளநிலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை இலட்சத்துக்கு உட்பட்டோர் இதனைப் பெறலாம். எந்த உதவி எத்தனை ஆண்டுக்குச் செல்லும், நான்காம் ஆண்டுக்குத் தொடருமா என்பதைக் கல்லூரி அலுவலகம் சேர்க்கையின்போதே எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். நான்காம் ஆண்டில் விடுதி இடமும் உணவும் முதலில் ஏழை மாணவர்க்கு என்று விதி செய்தால், எண்ணாயிரத்தின் பத்து நாழி நெல்லுக்கு இணையான ஏற்பாடு இக்காலத்திலும் உண்டு எனலாம்.

மாணவர் பங்கும் சிறிதன்று. முதலாண்டில் ஒரு நூலகத்தில் உறுப்பினராதல், இரண்டாம் ஆண்டில் ஓர் ஆசிரியரிடம் சிறு ஆய்வுப் பணி ஏற்றல், மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே கோடைத் திட்டங்களுக்கு விண்ணப்பித்தல் என்னும் படிமுறையைக் கைக்கொண்டால், நான்காம் ஆண்டு திடீரெனத் தோன்றும் சுவராக நிற்காது. கேட்க வெட்கப்படுவதே பல வாய்ப்புகளைக் கெடுக்கிறது.

காந்தளூரின் சாலை மறைந்தது, பெயர் மட்டும் கடைத்தெருவில் தங்கியது. வெங்ஙானூர் முதியவர் விரும்பியவை பத்துப் பட்டங்கள். அவ்விருப்பம் எண்ணிக்கையில் என்றோ நிறைவேறிவிட்டது. சாலையில் மூட்டை தூக்குபவரின் மகளும் கடை முதலாளியின் மகளும் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரே பெஞ்சில் அமரும் நாளில்தான் அது பொருளிலும் நிறைவேறும். அந்த வகுப்புக்கு இன்னும் இடம் ஒதுக்க நேரம் இருக்கிறது.